வாங்கப் பணம் உண்டு, ஓட்டப் பணம்? கேரளத்தின் பசுமைக் கணக்கு

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் ஓடும் 113 மின்சாரப் பேருந்துகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, 2025-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் திடீரென்று அரசியல் கேள்வியாக உருவெடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடதுசாரிகளின் கையில் இருந்த மாநகராட்சியை அந்த டிசம்பரில் நடந்த தேர்தலில் பாரதிய ஜனதா கைப்பற்றியது. புதிய மேயர் வி.வி. ராஜேஷ் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே பேருந்து விவகாரத்தை எழுப்பினார். நகரத்துக்காக வாங்கிய பேருந்துகள் நகர எல்லையைத் தாண்டி ஓட்டப்படுகின்றன, ஒப்பந்தப்படி அவை நகருக்குள்தான் ஓட வேண்டும் என்பது அவரது வாதம். போக்குவரத்து அமைச்சராக இருந்த கே.பி. கணேஷ் குமார், மாநகராட்சி எழுதிக் கேட்டால் 113 பேருந்துகளையும் திருப்பிக் கொடுத்துவிடத் தயார் என்று பதிலடி கொடுத்தார். திரும்பி வரும் பேருந்துகளை எங்கே நிறுத்துவது, யார் ஓட்டுவது, எங்கே மின்னேற்றுவது என்ற கேள்விகள் அந்தப் பதிலுக்குள்ளேயே அடங்கியிருந்தன.

வெளிப்பார்வைக்கு இது மேயருக்கும் அமைச்சருக்கும் நடந்த கௌரவச் சண்டை. ஆனால், கூட்டாட்சியின் பழைய சிக்கல் ஒன்று இதன் அடியில் இருக்கிறது. பணத்தில் ஒரு பங்கு தில்லியிலிருந்து ஒரு திட்டத்தின் பெயரில் வருகிறது. மாநிலம் ஒரு பங்கு போடுகிறது, உள்ளாட்சி ஒரு பங்கு போடுகிறது. பொருள் வாங்கியாகிவிடுகிறது, கொடியசைப்பும் நடந்துவிடுகிறது. அதன்பின் நஷ்டம் வந்தால் யார் தாங்குவது, பழுதானால் யார் மாற்றுவது என்ற விஷயத்தில் மூவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கின்றனர்.

2040-ஆம் ஆண்டுக்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, 2050-க்குள் கரியமில வாயு வெளியீட்டில் நிகர பூஜ்யம் என்று இலக்கு அறிவித்த மாநிலம் கேரளம். அந்த இலக்கை எட்டத் தேவையான பணம் எந்த வழியில், எந்த உருவில், என்ன நிபந்தனையுடன் வருகிறது என்று பார்த்தால், பேருந்துச் சண்டையைப் போன்ற இன்னும் பல சண்டைகள் வரிசையில் நிற்பது தெரியும்.

பத்து ரூபாய் டிக்கெட்

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் மூன்றாவது சுற்றுப் பட்டியல் 2017 ஜூனில் வெளியானபோது, தேர்வான 30 நகரங்களில் முதலிடம் பெற்றது திருவனந்தபுரம். திட்ட விதிப்படி ஒரு நகரத்துக்கு மத்திய அரசு தருவது 500 கோடி ரூபாய். அதற்கு ஈடான தொகையை மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். இந்தக் கூட்டுப் பணத்திலிருந்து 113 மின்சாரப் பேருந்துகள் வாங்கப்பட்டன. முதல் 60 பேருந்துகள் 2023 ஆகஸ்டில் சாலைக்கு வந்தன. அவற்றை இயக்கும் பொறுப்பு, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் துணை நிறுவனமான 'ஸ்விஃப்ட்' வசம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022-இல், ஸ்விஃப்ட் தன் பங்குக்குச் சில மின்சாரப் பேருந்துகளை நகரச் சுற்றுச் சேவையில் இறக்கியிருந்தது.

சிவப்பு, நீலம், பச்சை என்று நிறங்களின் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சுற்றுச் சேவையில் ஒரு பயணத்துக்கு 10 ரூபாய் கட்டணம் வைக்கப்பட்டது. தலைமைச் செயலகம், மருத்துவக் கல்லூரி, கிழக்குக் கோட்டை, தம்பானூர் என்று அலைய வேண்டிய எளியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆட்டோவுக்கு ஐம்பதும் அறுபதும் கொடுத்துப் பழகிய நகரத்தில் பத்து ரூபாய்ப் பேருந்துக்குக் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை.

2023 டிசம்பர் இறுதியில் அமைச்சரான கணேஷ் குமார், பதவிக்கு வந்த சில வாரங்களில் இந்தச் சேவை நஷ்டத்தில் ஓடுகிறது என்றும், இனி மின்சாரப் பேருந்துகள் வாங்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். பத்து ரூபாய்க் கட்டணமும் அவருக்கு உடன்பாடில்லை. ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. நகரின் முன்னாள் மேயரும் வட்டியூர்க்காவு சட்டமன்ற உறுப்பினருமான மார்க்சிஸ்ட் கட்சியின் வி.கே. பிரசாந்த் வெளிப்படையாக மறுத்தார். சில நாள்களில், 2023 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மின்சாரப் பேருந்துகள் 2.89 கோடி ரூபாய் லாபம் ஈட்டின என்று காட்டும் போக்குவரத்துக் கழகத்தின் அறிக்கையே வெளிவந்தது. அமைச்சர் நஷ்டம் என்கிறார், அவர் துறையின் ஏடு லாபம் என்கிறது.

இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. ஓட்டுநர் சம்பளம், மின்கட்டணம், அன்றாடப் பராமரிப்பு ஆகியவற்றை மட்டும் வரவிலிருந்து கழித்தால் லாபம் தெரியும். டீசலை ஒப்பிட்டால் மின்சாரத்தின் செலவு கிலோமீட்டருக்கு மிகக் குறைவு. பேருந்தின் விலையையும், சில ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டிய பேட்டரியின் விலையையும் கணக்கில் சேர்த்தால் அதே பேருந்து நஷ்டக் கணக்குக்குப் போகும். மானியத்தில் வந்த பேருந்துக்கு விலையே இல்லை என்று எண்ணுபவர் லாபம் காண்கிறார். அடுத்த பேருந்தைத் தன் காசில் வாங்க வேண்டியவர் நஷ்டம் காண்கிறார். ஓய்வூதியம் கொடுப்பதற்கே கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் பணம் திரட்டி மாநில அரசு கைகொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு போக்குவரத்துக் கழகம், பத்தாண்டுக்குப் பிந்தைய செலவுக்கு இன்று உண்டியல் வைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சென்னையில் வேறு வழி பின்பற்றப்பட்டது. உலக வங்கி உதவியுடன் 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டன. அங்கே பேருந்தும் பேட்டரியும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. மாநகர் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. தனியார்மயத்துக்குக் கதவு திறக்கிறார்கள் என்ற தொழிற்சங்கங்களின் குறை ஒருபுறம் இருக்க, இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. பேருந்து ஓடும் காலம் முழுவதும் எவ்வளவு செலவாகும் என்பது முதல் நாளிலேயே தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. நகரப் பேருந்துகளில் மகளிரின் கட்டணமில்லாப் பயணத்துக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கியதும் அதே வகைதான். சலுகையின் விலை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக நிற்கிறது. திருவனந்தபுரத்தின் பத்து ரூபாய் டிக்கெட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு தெளிவான வரி இருந்திருந்தால், அமைச்சரும் எம்.எல்.ஏ.வும் லாப நஷ்டம் பற்றி மோதிக்கொள்ளத் தேவை இருந்திருக்காது.

நிலக்கரி இல்லாத மாநிலத்தின் நிலக்கரி

கேரளத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான அனல் மின்நிலையமும் இல்லை. நாஃப்தாவை நம்பிக் கட்டப்பட்ட காயங்குளம் நிலையம் விலை கட்டுப்படியாகாமல் ஓய்ந்துவிட்டது. அங்குள்ள நீர்ப்பரப்பில் இன்று மிதக்கும் சோலார் தகடுகள் மின்சாரம் தருகின்றன. 1976-இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி, 780 மெகாவாட் திறனோடு மாநிலத்தின் முதுகெலும்பாக நிற்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பெரிய அணை கட்டுவது கேரளத்தில் அரசியல் ரீதியாக ஏறத்தாழ முடியாத காரியமாகிவிட்டது.

ஆகவே தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு அணு உலைகளில் கேரளத்தின் பங்கு 266 மெகாவாட். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த புகளூர் - திருச்சூர் உயரழுத்த நேர்மின் பாதை, சத்தீஸ்கரில் இருந்து புகளூர் வரை வரும் மின்சாரத்தைத் தமிழகம் வழியாகக் கேரளத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அதாவது, கேரளத்தின் புகை கேரளத்தில் எழுவதில்லை. அது கோர்பாவிலும் தால்ச்சேரிலும் எழுகிறது. கட்டணம் மட்டும் இங்கே செலுத்தப்படுகிறது.

2014-இல் ஒரு யூனிட் 4 ரூபாய் 29 காசுக்கு 25 ஆண்டுகளுக்கு வாங்குவதாகக் கையெழுத்திட்ட 465 மெகாவாட் ஒப்பந்தங்களை, டெண்டர் நடைமுறைக் குறைகளைக் காட்டி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் ஏற்க மறுத்தது. அரசு தலையிட்டு, ஆணையம் மனம் மாறி, பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து என்று வழக்கு நீண்டது. மலிவான நிலக்கரி மின்சாரம் கைநழுவியதற்காக ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டிக்கொண்டன. 2050-க்குள் நிகர பூஜ்யம் என்று அறிவித்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் நிலக்கரி ஒப்பந்தம் போனதற்காகத்தான் இத்தனை வருத்தம். இதில் நகைக்க ஒன்றுமில்லை. 2024 மே 2-ஆம் தேதி உச்சத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்ட மாநிலத்துக்கு, இரவு பத்து மணிக்கு மின்விசிறி சுழல வேண்டும்.

கூரை உள்ளவருக்கு

அந்த இரவு பத்து மணிதான் சூரிய மின்சக்தியின் சிக்கலும். பிரதமரின் 'சூர்யகர்' திட்டம் 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்டது. வீட்டுக் கூரையில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். பணம் நேரடியாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நடுவில் மாநில அரசு இல்லை. இந்தத் திட்டத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் நின்ற மாநிலங்களில் ஒன்று கேரளம். குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் போன்ற பெரிய மாநிலங்களோடு ஒரே பட்டியலில் இந்தச் சிறிய மாநிலம் இடம்பெற்றது. வளைகுடாப் பணத்தில் எழுந்த கான்கிரீட் வீடுகள், உயர்ந்த மின்கட்டணம், படித்த மக்கள் என்று காரணங்கள் பல.

ஆனால் பகலில் கூரைகளில் பொங்கும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக இரவில் அதே அளவைத் திருப்பித் தர வேண்டியது மின்வாரியம். இரவில் கொடுக்கும் யூனிட் அதற்கு வெளிச் சந்தையில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. இந்த நஷ்டத்தைக் கூரை இல்லாதவர்கள் உள்படப் பிற நுகர்வோர் அனைவரும் கட்டணத்தில் சுமக்கின்றனர் என்பது வாரியத்தின் வாதம். 2025-இல் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு விதிகள், யூனிட்டுக்கு யூனிட் ஈடு செய்யும் முறையை 3 கிலோவாட்டுக்குள் சுருக்க முனைந்தபோது, கடன் வாங்கித் தகடு பொருத்தியவர்கள் கொதித்தெழுந்தனர். மத்திய அரசு மானியம் கொடுத்து அழைத்ததையும், மாநில ஆணையம் விதியை மாற்றி மிரட்டுவதையும் அவர்கள் சேர்த்தே பேசினர். அந்த ஆண்டு நவம்பரில் வந்த இறுதி விதிகளில் பல நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இருந்தாலும், மூன்று சென்ட் நிலத்தில் லைஃப் திட்ட வீட்டில் வசிப்பவருக்கும், வாடகைக்கு இருப்பவருக்கும், அஞ்சுதெங்கு, பூந்துறை போன்ற கடலோரக் குடியிருப்புகளில் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகளில் வாழும் மீனவருக்கும் இந்த 78,000 ரூபாயில் ஒரு காசும் எட்டுவதில்லை என்பதை இரு தரப்பும் அதிகம் பேசவில்லை. மானியத்தைப் பெற முதலில் சொந்தக் கூரை வேண்டும், கைமுதல் வேண்டும். கரிப்புகையைக் குறைக்கும் செலவில் ஏழையின் பங்கு கட்டணத்தில் இருக்கிறது, சலுகையில் இல்லை.

இதற்கு வாரியம் கண்ட பதில், பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும் பெரும் பேட்டரி நிலையங்கள். காசர்கோடு மாவட்டம் மயிலாட்டியில் 125 மெகாவாட் திறனும் 500 மெகாவாட் மணி சேமிப்பும் கொண்ட நிலையத்துக்கு மத்திய அரசு 135 கோடி ரூபாய் இடைவெளி நிரப்பு நிதி ஒதுக்கியது. அடுத்த கட்டத்தில் அதே அளவு சேமிப்பு நான்கு இடங்களில் பிரித்துத் திட்டமிடப்பட்டது. அவற்றில் ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்துப் போத்தன்கோடு. 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குப் பகலில் 10 சதவீதம் குறைவாகவும், மாலை 6 முதல் 10 மணி வரை 25 சதவீதம் கூடுதலாகவும் கட்டணம் வசூலிக்கும் முறை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மின்சார காரை இரவில் வீட்டுக்கு வந்ததும் மின்னேற்றும் பழக்கத்தை மாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று.

காணாமற்போன நிதி

நிலக்கரிக்கு மாற்றான எரிசக்திக்கென்று தில்லியில் ஒரு தனி உண்டியல் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 2010-11 நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்து, அதிலிருந்து தேசியத் தூய எரிசக்தி நிதியத்தை ஏற்படுத்தினார். அருண் ஜேட்லியின் காலத்தில் அந்த வரி 100, 200, 400 ரூபாய் என்று ஏறியது. கேரளம் வாங்கும் ஒவ்வொரு யூனிட் நிலக்கரி மின்சாரத்திலும் இந்த வரியும் சேர்ந்தே வந்தது.

2010-11 முதல் 2017-18 வரை இதில் வசூலானது 86,440 கோடி ரூபாய். நிதியத்துக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. கணக்கைத் தந்தது எதிர்க்கட்சியல்ல, மத்திய அரசே. நூறு ரூபாய் வசூலித்து, முப்பத்து நான்கு ரூபாயைப் பெட்டியில் போட்டு, பதினெட்டு ரூபாயைச் செலவழித்த கதை இது. நாடாளுமன்றத்தில் இது பெரும் புயலைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை. நிலக்கரி மேல்வரி என்றால் சுரங்க மாநிலங்களின் விவகாரம் என்று தென்மாநில உறுப்பினர்கள் இருந்துவிட்டனர் போலும்.

2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த மேல்வரி ஒழிக்கப்பட்டு, டன்னுக்கு 400 ரூபாய் என்ற அதே அளவு மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரியாக மாறியது. தூய எரிசக்திக்கென வசூலித்த பணம், வரி இழப்பை ஈடுகட்டப் போயிற்று. இழப்பீடு பெற்ற மாநிலங்களில் கேரளமும் உண்டு என்பதால் திருவனந்தபுரத்தால் உரக்கக் கேட்க முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த மேல்வரியும் நீக்கப்பட்டது. நிலக்கரி மீதான வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அது பொது வருவாயில் கரைகிறது. இன்ன பிரதேசத்தின் மாற்றத்துக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த நிதி இன்று எதுவுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் ஏற்படுத்திய நியாயமான மாற்றத்துக்கான நிதியம் 1,750 கோடி யூரோ அளவிலானது. நிலக்கரியை நம்பி வாழ்ந்த வட்டாரங்களுக்குப் பெயர் குறித்துப் பணம் ஒதுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்குப் பணக்கார நாடுகள் அதே ஆண்டு கிளாஸ்கோவில் 850 கோடி டாலர் வாக்களித்தன. அதில் பெரும்பகுதி கடன் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. உறுதியளித்த நாடுகளில் ஒன்றான அமெரிக்கா 2025-இல் விலகிக்கொண்டது.

கடனாக வரும் உதவி

கேரளத்துக்கும் கடன்தான் அதிகம். 2018 பெருவெள்ளத்துக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக்கு 31,000 கோடி ரூபாய் தேவை என்று ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு கூறியது. உலக வங்கி 2019-இல் 25 கோடி டாலரும், 2021-இல் 12.5 கோடி டாலரும், 2023-இல் 15 கோடி டாலரும் கடனாக ஒப்புதல் அளித்தது. கொச்சி நீர்வழி மெட்ரோவுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி 2016-இல் 8.5 கோடி யூரோ கடன் தர ஒப்பந்தம் செய்தது. 78 படகுகள், 38 படகுத்துறைகள் என்று திட்டமிடப்பட்ட அந்தச் சேவையைப் பிரதமர் 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்தே தொடங்கிவைத்தார். மின்சாரப் படகுகளைக் கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். கடன் வாங்கினாலும் வேலை உள்ளூரிலேயே தங்கியது என்ற வகையில் அது நல்ல முன்னுதாரணம்.

ஆனால், கடனுக்கு உச்சவரம்பு உண்டு. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் வெளியில் வாங்கும் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிடுவது என்று மத்திய நிதியமைச்சகம் எடுத்த முடிவை எதிர்த்து, அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆவது பிரிவின் கீழ் 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்கால நிவாரணம் தர மறுத்த நீதிமன்றம், 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது. வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே கடன் வாங்கிக் குவித்தால் ஒருநாள் யாராவது கணக்குக் கேட்பார்கள் என்ற எச்சரிக்கையைக் கேரள அரசும் முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும். மின்தொடரமைப்பை வலுப்படுத்தும் பணிக்கும் அரசு ஊழியர் சம்பளத்துக்கும் ஒரே கடன் வரம்புக்குள் இடம் தேட வேண்டியிருக்கும்போது, அரசியல்வாதி எதற்கு முதலில் கையெழுத்திடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

வயநாடு இதன் கொடிய உதாரணம். 2024 ஜூலை 30-ஆம் தேதி முண்டக்கையையும் சூரல்மலையையும் நிலச்சரிவு புதைத்தது. மறுவாழ்வுக்காக 2025 பிப்ரவரியில் மத்திய அரசு அனுமதித்த 529.50 கோடி ரூபாய், ஐம்பது ஆண்டுகளில் திருப்ப வேண்டிய வட்டியில்லாக் கடன். அதையும் மார்ச் 31-க்குள், அதாவது ஆறேழு வாரங்களில் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தே வந்தது. பேரிடர் நிதியிலிருந்து 260.56 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது அந்த ஆண்டு அக்டோபரில்தான்.

நிதிக் குழுவின் வழியே வருவதுதான் நிபந்தனை குறைந்த பணம். பத்தாவது நிதிக் குழுவின் காலத்தில் 3.875 சதவீதமாக இருந்த கேரளத்தின் வரிப் பங்கு பதினைந்தாவது குழுவில் 1.925 சதவீதமாகச் சரிந்தது. காட்டுக்கும் சூழலுக்கும் அந்தக் குழு 10 சதவீத மதிப்பு கொடுத்தும், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய, வருமானம் உயர்ந்த மாநிலத்துக்கு விழுந்த அடியை அது ஈடுசெய்யவில்லை. 2026 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பதினாறாவது குழுவின் அறிக்கை பங்கை 2.38 சதவீதமாக உயர்த்தியது. தமிழகத்தைப் போலவே இதிலும் குறைகூற இடமுண்டு என்றாலும், ஏற்றம் ஏற்றம்தான்.

ஒரு மரத்துக்கு ஐம்பது ரூபாய்

பெரிய தொகைகளுக்கு நடுவே, சிறிய தொகை ஒன்றின் கதையும் கேரளத்தில் உண்டு. வயநாட்டின் மீனங்காடி ஊராட்சியைக் கரியமில வாயுச் சமநிலை ஊராட்சியாக்கும் முயற்சி 2016-இல் தொடங்கியது. அப்போது நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் முன்னின்று உருவாக்கிய மர வங்கித் திட்டம் எளிமையானது. விவசாயி தன் நிலத்தில் வளர்க்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்கு உள்ளூர்க் கூட்டுறவு வங்கி வட்டியில்லாக் கடன் தரும். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்ப வேண்டும், வெட்டாதவரை கேட்பாரில்லை. அதற்கென மாநில அரசு 10 கோடி ரூபாயை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டது. முதல் அப்படியே இருக்க, வட்டியில் திட்டம் நடக்கும்.

ஐம்பது ரூபாய் மிகக் குறைவு, சில்வர் ஓக் மரத்தை வெட்டி விற்றால் கிடைப்பதோடு ஒப்பிடவே முடியாது என்று குறை சொல்வோர் உண்டு. அது சரியான குறையும்கூட. ஆனால் 113 பேருந்துகளின் திட்டத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. முதல் நாளிலேயே பத்தாவது ஆண்டுக்கான பணமும் பெட்டியில் இருந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் காட்டாக்கடை தொகுதியிலும் ஒரு முயற்சி நடந்தது. கிணறுகளையும் குளங்களையும் மீட்டெடுத்த நீர்வளத் திட்டத்தால் அறியப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் ஐ.பி. சதீஷ், அடுத்து தொகுதியின் ஆறு ஊராட்சிகளையும் சேர்த்துக் கரியமில வாயுச் சமநிலைத் தொகுதியாக்கும் திட்டத்தை எடுத்துக்கொண்டார். இத்தகைய முயற்சிகளின் பலவீனம், பல துறைகளின் பணத்தை ஒரு தனிமனிதரின் ஆர்வம் இணைத்துவைக்கிறது என்பது. அவர் இல்லாதபோது கோப்பு எந்த மேசைக்குப் போகும் என்று தெரியாது.

பசுமை ஹைட்ரஜன் பற்றியும் ஒரு சொல். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஹைட்ரஜன் மையங்கள் அமைக்க 200 கோடி ரூபாய் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அப்போதைய நிதியமைச்சர் கே.என். பாலகோபால் அறிவித்தார். மத்திய அரசின் நான்கு ஹைட்ரஜன் பள்ளத்தாக்குகளில் ஒன்றும் கேரளத்துக்குக் கிடைத்தது. இரவு மின்சாரத்துக்கே வெளியில் கையேந்தும் மாநிலம், நீரைப் பிரிக்கத் தேவையான மலிவான மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கும் என்பதை அறிவிப்புகள் சொல்லவில்லை.

மீண்டும் பேருந்துகளுக்கு வந்தால், பாப்பனங்கோட்டில் உள்ள போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனையில் டீசல் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிக் கைதேர்ந்த தொழிலாளர்கள் இருக்கின்றனர். பேட்டரிப் பேருந்தில் அந்தக் கைவேலைக்கு இடம் குறைவு. அவர்களுக்குப் புதுப் பயிற்சி தருவதற்கான செலவு எந்தத் திட்டத்தின் விதியிலும் வராது. ஸ்மார்ட் சிட்டி திட்டம் பேருந்து வாங்கப் பணம் தந்தது. ஆளைப் பழக்கத் தரவில்லை.

அந்தத் திட்டமும் 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டுவிட்டது. 2023-இல் சாலைக்கு வந்த பேருந்துகளின் பேட்டரிகள் ஏழெட்டு ஆண்டுகள் தாங்கினால், 2030-31 வாக்கில் அவற்றை மாற்ற வேண்டிவரும். மேயர் ராஜேஷின் ஐந்தாண்டுக் காலம் 2030 டிசம்பரில் நிறைவடைகிறது. பதினாறாவது நிதிக் குழுவின் காலம் 2031 மார்ச்சில் முடிகிறது.